நூறு ரூபாயில் எழுபது காசு

2025 பிப்ரவரி 25 அன்று பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 2027 ஏப்ரல் முதல் தம் நாட்டின் பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்தப்போவதாகவும், அதற்கான பணத்தை வெளிநாட்டு வளர்ச்சி உதவியைக் குறைத்து எடுக்கப்போவதாகவும் அறிவித்தார். நாட்டின் வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவி, 2027-இல் 0.3 விழுக்காடாக இறங்கும். அந்த 0.5-ம் நான்காண்டுகளுக்கு முன்பு 0.7-இலிருந்து இறக்கப்பட்டதுதான். 0.7 கொடுத்தாக வேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. அது இன்றுவரை நீக்கப்படவுமில்லை.

நூறு ரூபாய் வருமானத்தில் எழுபது காசு. அது ஐம்பது காசாகி, இப்போது முப்பது காசாகப் போகிறது. காரைக்குடியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கலாம். பிரிட்டனிடம் இன்று நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இந்தியாவுக்கு அளித்துவந்த நிதியுதவியை 2015-க்குள் நிறுத்திக்கொள்வதாக 2012-லேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள், நம் அரசும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் வருமானத்தில் ஒரு பங்கைப் பிறருக்கென்று எடுத்துவைப்பதும், அந்தப் பங்கை ஒரு கணக்காகவே எழுதி வருவதும், அது தவறினால் என்ன பொருள் என்பதும் இந்தச் செட்டிநாட்டு ஊர்களுக்குப் புதியவை அல்ல. அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் எனக்கு இந்தச் செய்தி புரிந்தது. லண்டன் செய்தித்தாள்களில் படித்த விவாதங்களில் அந்தக் கோணம் அநேகமாக வரவேயில்லை என்பதுதான் இதை எழுதுவதற்குக் காரணம்.

முதலில் எழுபது காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் ஒரு விழுக்காட்டை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்ற யோசனையை 1958-இல் உலகத் திருச்சபைகள் மன்றம் முன்வைத்தது. அந்த ஒரு விழுக்காட்டில் தனியார் முதலீடும் சேர்த்து எண்ணப்பட்டதால், எந்த அரசும் தன் பொறுப்பு இவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. டச்சுப் பொருளியல் அறிஞர் யான் டின்பெர்கன், ஏழை நாடுகள் போதிய அளவு வளர வேண்டுமானால் அரசுகளின் பங்கு மட்டும் 0.75 விழுக்காடாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான குழு 1969-இல் அதை 0.7 என்று வைத்து, 1975-க்குள், எப்படியும் 1980-க்குள், எட்டிவிட வேண்டும் என்றது. 1970 அக்டோபர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக ஏற்றது. அந்தத் தீர்மானத்தில், ஒவ்வொரு வளர்ந்த நாடும் அந்த அளவை எட்டுவதற்குத் தன்னால் இயன்ற முயற்சிகளைச் செய்யும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. கடன் பத்திரம் எழுதத் தெரிந்த எவரும் அந்த வாசகத்தைப் படித்ததும் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள். இயன்றதைச் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவரிடம் தவணை தவறியதென்று எந்த மன்றத்திலும் வழக்காட முடியாது.

சுவீடன் 1974-இலும், நெதர்லாந்து 1975-இலும், நார்வே 1976-இலும், டென்மார்க் 1978-இலும் அந்த அளவைத் தொட்டன. பெரிய பொருளாதாரங்கள் எதுவும் அப்போது தொடவில்லை. அமெரிக்கா அந்த இலக்குக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவே இல்லை. பிரிட்டன் 1974-இல் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. எந்த ஆண்டுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. அப்படியே நாற்பது ஆண்டுகள் போயின.

அந்த நாற்பது ஆண்டுகளில் பிரிட்டனின் உதவி எப்படி நடந்துகொண்டது என்பதற்கு மலேசியாவின் பெர்காவ் அணை ஒரு சாட்சி. 1988-இல் மார்கரெட் தாட்சரின் அரசு மலேசியாவுடன் ஆயுத விற்பனை பேசிய நேரத்தில், அந்த நாட்டுக்கு உதவியும் சேர்த்துப் பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, பொருளாதார ரீதியில் பயனற்றது என்று பிரிட்டனின் சொந்த அதிகாரிகளே சொன்ன ஒரு நீர்மின் அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி ஒதுக்கப்பட்டது. 1994-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1997-இல் உதவிக்கென்று தனி அமைச்சகம் பிறந்தது. வறுமையைக் குறைப்பதற்காக மட்டுமே உதவிப் பணம் செலவிடப்பட வேண்டும் என்று 2002-இல் சட்டம் வந்தது. 2005-இல் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸில் கூடிய ஜி-8 மாநாட்டில் ஆப்பிரிக்காவுக்கான உதவியை 2010-க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று பெரிய வாக்குறுதி கொடுக்கப்பட்டது. அது முழுவதுமாக நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த அலையில் பிரிட்டனின் மூன்று பெரிய கட்சிகளும் 0.7-ஐத் தங்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டன. 2008-இன் வங்கி நெருக்கடிக்குப் பிறகு உள்நாட்டுச் செலவுகள் எல்லாம் கடுமையாக வெட்டப்பட்ட ஆண்டுகளில், கன்சர்வேடிவ் தலைமையிலான கூட்டணி அரசு 2013-இல் முதன்முறையாக 0.7-ஐ எட்டியது. நான் மதிக்கும் காலம் அது. வசதி இருந்தபோது எட்டாததை, கையிறுக்கம் வந்தபோது எட்டிக் காட்டினார்கள்.

2015 மார்ச்சில் அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் மைக்கேல் மூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. அமைச்சர் ஆண்டுதோறும் 0.7 இலக்கு எட்டப்படுவதை உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் முதல் பிரிவு. எட்டப்படாவிட்டால், பொருளாதார நிலை, நிதி நிலை, வெளிநாட்டுச் சூழல் ஆகியவற்றில் எது காரணம் என்று நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்பது அடுத்த பிரிவு. அந்த அறிக்கையைத் தவிர வேறு எந்த வழியிலும் அமைச்சரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதற்கடுத்த பிரிவு. மூன்றையும் ஒரே மூச்சில் படித்தால்தான் சட்டத்தின் உண்மையான உருவம் தெரிகிறது. நீதிமன்றத்துக்குப் போகும் வாசல், கட்டும்போதே செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கொண்டுவிற்ற (கடல்தாண்டிக் கடை வைத்து வணிகம் நடத்திய) இடங்களில், இரங்கூனோ பினாங்கோ கொழும்போ, கடையின் கணக்கில் மகமை என்று ஒரு தலைப்பு இருக்கும். வரவில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு கோவிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் என்று ஒதுங்கிவிடும். விருதுநகர், சிவகாசிப் பக்கம் நாடார் உறவின்முறைகளிலும் இது உண்டு; அவர்கள் மகமையால் பள்ளிக்கூடங்களையே கட்டினார்கள். எங்கள் வீட்டில் ஐயா காலத்துப் பேரேடுகள் இரண்டு மூன்று பூச்சியரிப்புக்குத் தப்பி மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நான் கவனித்தது, மகமை செலவுப் பக்கத்தில் எழுதப்படவில்லை என்பதுதான். யார் யாருக்கு நாம் கொடுக்க வேண்டியிருக்கிறதோ அவர்கள் பெயர்கள் வரும் பக்கத்தில், மற்றக் கடன்காரர்களோடு ஒருவராகச் சாமியும் நிற்கிறார். ஐந்தொகை (வரவு, கடன், இருப்பெல்லாம் சேர்த்துப் போடும் முடிவுக் கணக்கு) போடும்போது அந்தத் தொகை கடைக்குச் சொந்தமான பணமாகக் காட்டப்படவில்லை. வைத்திருப்பவர் கடைக்காரர், உரியவர் வேறு.

இதைக் கொடைக்குணம் என்று பாராட்டுவது பொருந்தாது. கொடை என்றால் எங்கள் ஊருக்கு அழகப்பச் செட்டியார் இருக்கிறார். 1948-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அது ஒரு மனிதரின் மனம் எழுந்து கொடுத்தது. கொடுத்திருக்காவிட்டால் யாரும் குறைசொல்ல முடியாது, கொடுத்ததனால் ஊரே நினைவில் வைத்திருக்கிறது. மகமை வைத்தவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. காசியில் நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோவிலுக்கு நாள்தோறும் பூசைப் பொருள்கள் போவது யார் யார் கடையில் ஒதுக்கிய காசில் என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 0.7 விழுக்காடு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதை பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் அனைவரும், அதை ஆதரித்தவர்கள் உட்பட, மறந்துவிட்டுப் பேசினார்கள் என்பது என் மனத்தாங்கல். ஆதரித்தவர்கள் நாட்டின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினார்கள். எதிர்த்தவர்கள் பெருந்தன்மைக்கு இது காலமில்லை என்றார்கள். பங்கு என்பதன் கணக்கை யாரும் எடுத்து விளக்கவில்லை.

அந்தக் கணக்கு மிக எளியது. பங்காக வாக்குக் கொடுத்தவர், வருமானம் குறைந்தால் தானாகவே குறைவாகக் கொடுப்பார். வரவே இல்லாத ஆண்டில் மகமையும் இல்லை, அதில் வாக்குத் தவறுதலும் இல்லை. 2020-இல் பெருந்தொற்றினால் பிரிட்டனின் பொருளாதாரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. அப்போது என்ன நடந்தது என்று பார்ப்போம். 2019-இல் 1,520 கோடி பவுண்டாக இருந்த உதவி, 2020-இல் 1,450 கோடியாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளிலும் அது வருமானத்தில் 0.7 விழுக்காடுதான். அதாவது பெருந்தொற்றின் இழப்பில் ஏழை நாடுகள் தங்கள் பங்கை அப்போதே ஏற்றுக்கொண்டாயிற்று. வாக்குறுதியின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருந்தது. அதன் பிறகு, அதே பெருந்தொற்றைக் காரணம் காட்டி விழுக்காட்டையும் இறக்கினார்கள். 2021-இல் பொருளாதாரம் மீண்டெழுந்தபோது உதவி 1,140 கோடி பவுண்டாகியிருந்தது. ஒரே காரணத்துக்காக இருமுறை பிடித்தம் செய்த கணக்கு இது. எந்தப் பேரேட்டிலும் ஒரு மேலாள் இதை விட்டிருக்க மாட்டார்.

2020 நவம்பரில் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 0.5-ஐ அறிவித்தபோது, வெளியுறவுத் துறையின் இணையமைச்சர் லிஸ் சக் பதவி விலகினார். அதற்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பு நடந்த தேர்தலில், 0.7-ஐப் பெருமையோடு காப்போம் என்று அவர்கள் கட்சியின் தேர்தல் அறிக்கை சொல்லியிருந்தது. தனி அமைச்சகமாக இருந்த உதவித்துறை, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டிருந்தது. சட்டத்தைத் திருத்துவதற்கு மசோதா கொண்டுவருவோம் என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதையும் கைவிட்டார்கள். திருத்தப் போனால் வாக்கெடுப்பு வரும், சொந்தக் கட்சியிலேயே தோற்கும் அபாயம் இருந்தது. ஆண்ட்ரூ மிட்செல் தலைமையில் கட்சிக்குள் எதிர்ப்புத் திரண்டு, வேறொரு மசோதாவில் 0.7-ஐ மீட்கும் திருத்தத்தைப் புகுத்தப் பார்த்தார்கள். அவைத்தலைவர் அதை அனுமதிக்கவில்லை, ஆனால் அரசு இதில் அவையின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று கடுமையாகச் சொன்னார். கடைசியில் 2021 ஜூலை 13 அன்று ஒரு தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. 333-க்கு 298 என்று அரசு வென்றது. முன்னாள் பிரதமர் தெரசா மே தம் கட்சியின் கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார்.

அந்தத் தீர்மானத்தின் உள்ளடக்கம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அன்றாடச் செலவுக்கு அரசு கடன் வாங்காத நிலையும், நாட்டின் கடன் சுமை இறங்கும் நிலையும் ஒருசேர வரும்போது 0.7 திரும்பும் என்றார்கள். கேட்பதற்குப் பொறுப்பான நிபந்தனைகள்போல இருக்கின்றன. மகமைக் கணக்கு வைத்திருந்த ஒருவர், கடையின் மற்ற எல்லாக் கடனும் அடைந்த பிறகு சாமி பங்கை எடுத்துவைக்கிறேன் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் இல்லாமல் வணிகம் நடந்த காலம் எது? 0.7 முதன்முறையாக எட்டப்பட்ட 2013-இல் அந்த இரண்டு நிபந்தனைகளும் இருந்திருந்தால், அந்த ஆண்டும் எட்டியிருக்க முடியாது. பங்கை உரியவர்கள் பக்கத்திலிருந்து எடுத்து, மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற பக்கத்துக்கு மாற்றிய தீர்மானம் அது. 0.7-லிருந்து 0.5-க்கு இறங்கியதைவிட இந்த இடமாற்றமே பெரிய மீறல் என்று நான் கருதுகிறேன். எதிர்ப்பை நடத்திய மிட்செல் 2022 அக்டோபரில் அமைச்சராகவே திரும்பி வந்தார், ஆனால் 0.7 திரும்பவில்லை.

குறைத்த பணம் எங்கே குறைந்தது என்பதையும் சொல்லாவிட்டால் இது வெறும் கணக்குப் பேச்சாகிவிடும். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கருத்தடைப் பொருள்கள் வழங்கும் திட்டத்துக்கு 2021-இல் வரவேண்டியிருந்த 15.4 கோடி பவுண்டு, 2.3 கோடியாகச் சுருங்கியது. விடுபட்ட தொகையைக் கொண்டு ஏறத்தாழ இரண்டரை லட்சம் தாய்சேய் இறப்புகளைத் தடுத்திருக்கலாம் என்று அந்த நிதியம் கணக்குச் சொன்னது. போலியோ ஒழிப்புத் திட்டத்துக்கான 10 கோடி பவுண்டு 50 லட்சமாயிற்று. சொட்டு மருந்து முகாம்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014-இல்தான் நம் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சுற்றும் விடாமல் கொடுத்ததனால் வந்த சான்று அது. பாதியில் நிறுத்தினால், அதுவரை செலவழித்ததும் சேர்ந்து போகிறது.

யானைக்கால், ஆற்றுக் குருடு போன்ற புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்காக ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பிரிட்டன் நடத்திவந்த பெரிய திட்டமும் 2021-இல் முடிவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. அதில் ஒரு கொடுமை உண்டு. அந்த மாத்திரைகளை மருந்து நிறுவனங்கள் இலவசமாகவே கொடுத்திருந்தன. ஊர் ஊராக எடுத்துச்சென்று வாயில் போடச் செய்யும் செலவைத்தான் பிரிட்டன் ஏற்றிருந்தது. பணம் நின்றதும், கோடிக்கணக்கான மாத்திரைகள் கிடங்கிலேயே காலாவதியாகும் நிலை வந்தது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. சில காசுக்காக நிறுத்தப்பட்டதால் பல ரூபாய் மதிப்புள்ளது வீணாகும் நிலை.

வெளியில் தெரியாமல் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் வந்து சேரும் அகதிகளுக்கு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஆகும் செலவை வெளிநாட்டு உதவியாகக் கணக்குக் காட்டலாம் என்று பணக்கார நாடுகளின் அமைப்பு விதி வைத்திருக்கிறது. உக்ரைனிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்தவர்களை பிரிட்டன் தன் ஊர் ஓட்டல்களில் தங்கவைத்தபோது, அந்த ஓட்டல் வாடகை உதவிக் கணக்கில் ஏறியது. 2022-இல் மட்டும் 370 கோடி பவுண்டு. அந்த ஆண்டின் மொத்த உதவியில் 29 விழுக்காடு. உள்துறை அமைச்சகம் செலவழித்தது, உதவிக் கணக்கு பற்றெழுதியது. உதவி 0.5-ஐத் தாண்டக் கூடாது என்று நிதித்துறை உச்சவரம்பாகவே வைத்திருந்ததால், லண்டனில் ஓட்டல் செலவு ஏற ஏற, சோமாலியாவில் பஞ்சகாலச் செலவு இறங்க வேண்டியிருந்தது. 2022 நடுப்பகுதியில் சில மாதங்களுக்கு அவசியமற்றவை என்று கருதப்பட்ட உதவிச் செலவுகள் அனைத்தையும் நிறுத்திவைத்தார்கள். பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு 250 கோடி பவுண்டு கூடுதலாகக் கொடுத்து ஓரளவு சமாளித்தார்கள். அகதிகளைக் காப்பது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. கோவில் மகமையை எடுத்து வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, தருமக் கணக்கு நேர் என்று காட்டுவதில்தான் மறுப்பு.

லண்டனில் வேலைபார்க்கும் என் சகோதரி மகனிடம் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசினேன். அவன் அங்கே வரி கட்டுபவன், எனக்கு இல்லாத உரிமை அவனுக்கு உண்டு. "அம்மான், இங்கே ஒரு இடுப்பு ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா காத்துக் கிடக்கிறாங்க. அவங்ககிட்டப் போய் மகமைன்னு சொன்னா எடுபடுமா?" என்றான். எடுபடாதுதான். ஆனால் அரசு செலவழிக்கும் ஒவ்வொரு நூறு பவுண்டிலும், 0.7 கொடுத்த ஆண்டில்கூட, உதவிக்குப் போனது இரண்டு பவுண்டுக்கும் குறைவு. மருத்துவமனை வரிசை அந்த இரண்டு பவுண்டினால் நீளவில்லை. குறைத்த பிறகு அது சுருங்கவும் இல்லை. அவன் அதை ஒப்புக்கொண்டான். பிறகு வேறொன்று கேட்டான். "நம்ம ஆளுக மட்டும் பர்மாவுல என்ன பண்ணுனாங்க?"

நியாயமான கேள்வி, அதைத் தாண்டிப் போக முடியாது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானங்கள் மூழ்கி, 1937-இல் அது 25 விழுக்காடாயிற்று. மகமை ஒழுங்காக எழுதப்பட்ட அதே பேரேடுகளில்தான் அந்த நிலங்களும் வரவு வைக்கப்பட்டன. பர்மிய விவசாயி அந்த மகமையைப் பெரிய தருமமாக நினைத்திருக்க மாட்டான். ஏழை நாடுகள் பிரிட்டனின் உதவியைப் பார்க்கும் பார்வையிலும் இதே கசப்பு உண்டு. யாருடைய பணம் இது, எங்கிருந்து போனது, எவ்வளவு திரும்புகிறது என்ற கேள்விகள் வங்காளத்திலும் கென்யாவிலும் இருக்கத்தான் செய்யும். அதனால் உதவியே தேவையில்லை என்ற முடிவுக்கு வருபவர்கள் உண்டு. எனக்கு அதிலிருந்து வேறொன்று புலப்படுகிறது. முன்பு எடுத்தவர், பிறகு ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவதாக எழுதியும் கொடுத்துவிட்டு, அதையும் தவறினால், அவர்மீதான பழைய வழக்கு வலுப்பெறுகிறது. பெர்காவ் போன்ற மோசமான உதவிகளைக் காட்டி எல்லா உதவியையும் குறைப்பதும் சரியில்லை. பெர்காவை நீதிமன்றத்தில் நிறுத்தித் திருத்தியவர்களும் அதே நாட்டினர்தான்.

மீண்டும் 2025-க்கு வருகிறேன். தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில், நிதி நிலைமை இடம்கொடுத்ததும் 0.7-க்குத் திரும்புவோம் என்று சொல்லியிருந்தது. ஆட்சிக்கு வந்து எட்டு மாதங்களுக்குள் எதிர்த்திசையில் போனார்கள். வளர்ச்சித்துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ், பிரதமர் வாஷிங்டன் பயணத்தை முடிக்கும்வரை காத்திருந்து, பிப்ரவரி 28 அன்று பதவி விலகினார். பாதுகாப்புச் செலவு உயர வேண்டும் என்பதை அவர் எதிர்க்கவில்லை. காஸா, சூடான், உக்ரைன் ஆகியவற்றுக்குக் கொடுத்த வாக்குகளை இந்தச் சுருங்கிய பணத்தில் காப்பாற்ற முடியாது என்று கடிதத்தில் எழுதினார். ரஷ்யாவின் அச்சுறுத்தல் பொய் என்று நானும் சொல்லவில்லை. பாதுகாப்புக்குப் புது வரி போடலாம், கடன் வாங்கலாம், வேறு செலவைக் குறைக்கலாம். எல்லாவற்றுக்கும் உள்நாட்டில் வாக்காளர் எதிர்ப்பு இருக்கும். உதவியைக் குறைத்தால் கூச்சல் போடுபவருக்கு பிரிட்டனில் வாக்கு இல்லை. அந்தப் பணம் முதலில் கைவைக்கப்படுவதற்கு வேறு பெரிய பொருளாதாரத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

அதே வாரங்களில் அமெரிக்கா தன் உதவி முகமையையே கலைத்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்தில், அதன் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். பணக்கார நாடுகளின் மொத்த உதவி, அந்த வெட்டுகளுக்கு முந்தைய ஆண்டான 2024-லேயே 7.1 விழுக்காடு குறைந்திருந்தது. அவற்றின் வருமானத்தில் அது 0.33 விழுக்காடு. ஒருவர் விலகும்போது மற்றவர் கைகொடுக்கக்கூடிய காலம் இதுவல்ல என்பதால், பிரிட்டனின் முடிவுக்கு வழக்கமான எடையைவிடக் கூடுதல் எடை இருக்கிறது.

நம் நாட்டையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இந்தியா இன்று கொடுக்கும் நாடு. இலங்கையின் வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் 50,000 வீடுகள் கட்டித்தர 2010-இல் ஒப்புக்கொண்டு கட்டிக்கொடுத்தது. 2022 நெருக்கடியில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனாகவும் வேறு வழிகளிலும் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்துகளும் அனுப்பியது. கொழும்பு செட்டியார் தெருவில் உறவு வைத்திருந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் அது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் இந்தியா எந்த விழுக்காட்டுக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. 0.7 தீர்மானம் வளர்ந்த நாடுகளுக்கானது என்பதால் கட்டுப்பட வேண்டிய தேவையும் இல்லை. எனவே இந்தியா ஓர் ஆண்டு குறைத்துக் கொடுத்தால் அதை வாக்குத் தவறியது என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனை மட்டும் அப்படிச் சொல்ல முடிவது, அவர்களே எழுதிக் கையெழுத்திட்டதனால்தான்.

அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இலக்குத் தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அமைச்சர் எழுந்து காரணம் சொல்லி அறிக்கை வைக்க வேண்டும். 0.3-க்கு இறங்கிய பிறகும் அதே சட்டத்தின்கீழ் அதே வகை அறிக்கை வரும். அந்த நாட்டு அரசு செய்யக்கூடிய நேர்மையான காரியங்கள் இரண்டு இருக்கின்றன. சட்டத்தை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக நீக்கி, இனி இந்தப் பங்கு எங்களுடையது அல்ல என்று சொல்லலாம். அல்லது 2021-இன் இரண்டு நிபந்தனைகளைக் கைவிட்டு, ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று ஏற்றிக்கொண்டுபோகும் ஒரு தவணை அட்டவணையைச் சட்டத்தோடு சேர்க்கலாம், அகதிகள் செலவை அதற்கு வெளியே வைக்கலாம். அடுத்த பொதுத்தேர்தல் 2029-க்குள் வந்தாக வேண்டும். அப்போது கட்சிகளின் அறிக்கைகளில் 0.7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது நிதி நிலைமை இடம்கொடுத்ததும் என்ற பழைய வாசகமே மீண்டும் வருகிறதா என்பதைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.